குறை இருந்தால் நல்லது!

1986-ல் ஸூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் ஒரு செராமிக்கைக் குளிரவைத்தார்கள். மைனஸ் 240 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் மின்தடை மளமளவென்று சரியத் தொடங்கியது. மறு வருடமே நோபல் பரிசு!

இந்த வகை சூப்பர் கண்டக்டர்களில் காப்பர் ஆக்சைடு அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குக்குள் மின்சாரம் சுலபமாக ஓடும்; அடுக்கு விட்டு அடுக்கு தாவத்தான் சிரமம். வலுவான காந்தத்தின் அருகே வைத்தால் இன்னொரு தொல்லை. காந்தப்புலம் உள்ளே நுழைந்து, ஒவ்வோர் அடுக்கிலும் குட்டிச் சுழல்களாக நிற்கும். விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'பான்கேக்'. நமக்கு, அடுக்கி வைத்த தோசை! மின்சாரம் பாயும்போது இந்தத் தோசைகள் நகர்ந்தால் போச்சு, மின்தடை திரும்பிவிடும்.

அதனால், இட்ரியம் கலந்த சூப்பர் கண்டக்டர் நாடாக்களில் பேரியம் சிர்கோனேட் நுண்துகள்களை வேண்டுமென்றே கலக்கிறார்கள். சுழல்கள் அவற்றில் சிக்கி அசையாமல் நிற்கின்றன.