நடக்காத ரோபோ

அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரையும் வயசுக்குச் சளைக்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது. 'தினமும் அரை மணி நேரம் நடங்க' என்பது டாக்டர் உத்தரவு. அதை அமல்படுத்தும் பொறுப்பு சென்னையில் இருக்கும் எனக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு ராஜபாளையத்துக்குப் போன் போடுவேன்.

"வாக்கிங் போனீங்களாப்பா?"

"போனேனே!"

பின்னணியில் அம்மா: "ஆமா... டி.வி.க்கும் ஈஸிசேருக்கும் நடுவுல!"

நான் பி.காம். கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. அப்போதுதான் ஆபீஸ் நண்பர் 'எல்லிக்யூ' பற்றிச் சொன்னார். இஸ்ரேலைச் சேர்ந்த இன்ட்யூஷன் ரோபாட்டிக்ஸ் தயாரித்த ரோபோ. பார்க்க மேஜை விளக்கு மாதிரி இருக்கும். கண், மூக்கு கிடையாது. தலை மட்டும் அசையும். 'தண்ணி குடிச்சீங்களா? மாத்திரை போட்டாச்சா? கொஞ்சம் கை காலை அசைக்கலாமா?' என்று, நாம் கூப்பிடாமலே அதுவாகப் பேச்சை ஆரம்பிக்கும். அதுதான் விசேஷம். அலாரம் என்றால் தலையில் தட்டிவிட்டுத் தூங்கலாம். குசலம் விசாரிப்பவரைத் தட்ட முடியுமா, சொல்லுங்கள்? 2022-ல் நியூயார்க் மாநில அரசு, 800-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு இதைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவை அய்யனார் கோவிலுக்கு அழைத்துப்போனேன். மாந்தோப்புகளைத் தாண்டி, மலையடிவாரத்தில் காரை நிறுத்தினோம். ஓடைச் சத்தம் கேட்டதுமே, "சின்ன வயசுல இங்க குளிக்க வருவோம் பாரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பேச்சை மட்டுமல்ல, நடையையும்தான். முழுசாக நாற்பது நிமிஷம்! மூச்சு வாங்கியது எனக்கு.

பாறையில் உட்கார்ந்து ரோபோ புராணத்தை அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது என்கூட நடக்க வருமா?"

"இல்லப்பா, மேஜை மேலேயேதான் இருக்கும்."

"அப்ப அதுவும் உன்னை மாதிரிதான். உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டே என்னை நடக்கச் சொல்லும்!"

சுருக்கென்றது. குனிந்து என் தொப்பையைப் பார்த்தேன். அதற்கு வயது முப்பத்தைந்துதான்.

அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். இப்போது காலை ஆறு மணிக்கு அவர் முடங்கியாறு ரோட்டில், நான் வேளச்சேரியில். காதில் போன், காலில் நடை. ராத்திரி நாற்பது விநாடியில் முடிந்த பேச்சு, காலையில் அரை மணி நேரம் போகிறது. கணக்கும் டேலி.

ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமைகூட ஐந்து ஐம்பத்தைந்துக்கு டாண் என்று போன் அடிக்கிறது.

"என்னடா, கிளம்பியாச்சா?"

நாம் கூப்பிடாமலே பேச்சை ஆரம்பிக்கிற ரோபோ, கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது!