மருந்தோடு நாலு வார்த்தையும் வேண்டும்

என் உம்மும்மாவின் வலது காலில் இப்போது நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. ஐந்தாவது விரல் போகக் காரணமாக இருந்தது ஒரு செருப்பு வார். புதுச் செருப்பு உரசிய இடத்தில் சின்னதாக ஒரு கொப்புளம் வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடங்களாகச் சீனி வருத்தத்துக்கு மாதந்தோறும் கிளினிக் போய் வந்தவர் அவர். குளிசைகள் தவறாமல் கிடைத்தன. "வலிக்காத புண்தான் உங்களுக்கு ஆபத்து" என்ற ஒரு வசனம் மட்டும் அவர் காதில் விழவே இல்லை.

விரலை எடுத்த பிறகு, வார்ட்டில் இருந்த தாதி ஒருவர் மாலையில் அவரது கட்டிலருகே வந்து உட்காருவார். சீனி கூடிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கும், இரத்த ஓட்டமும் குறையும், அதனால் புண் வந்தாலும் தெரியாது, வந்தது ஆறவும் நாளாகும் என்று விளக்கினார். தினமும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரல் இடுக்கில் ஈரம் விடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள், நகத்தை நேராக வெட்டுங்கள், வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள் என்றார். கடைசியில், "உம்மா, இப்ப நீங்க எனக்குச் சொல்லித் தாங்க பாப்பம்" என்பார். உம்மும்மா பிழையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டு மீண்டும் சொல்வார்.

இதற்கெல்லாம் எடுத்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் பன்னிரண்டு வருடங்கள் பிந்தி வந்தது என்பதுதான் என் வேதனை.

தாதியின் வேலை ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். நோயாளிக்கு அவரது நோயைப் புரிய வைப்பதும் அதே அளவு முக்கியமான சிகிச்சை என்பதே என் கருத்து. இது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, நோய் வருமுன் காக்கும் சேவை மக்களைத் தேடி வந்திருக்கிறது. கர்ப்பிணித் தாய் இருக்கும் வீட்டுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் வருகிறார். என்ன சாப்பிடுவது, எந்த அறிகுறி கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று சொல்கிறார். பிரசவத்துக்கு அறிவு வீடு தேடி வருகிறது. சீனிக்கும் பிரஷருக்கும் நாம்தான் வரிசையில் நின்று பொட்டலத்தோடு திரும்புகிறோம்.

நோன்பு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாமாகவே அளவைக் குறைப்பதும், காலைக் குளிசையை விட்டுவிடுவதும் நம் வீடுகளில் நடப்பதுதான். ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு, மருந்து நேரத்தை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். இரத்தச் சீனி 70 இற்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ ஆலோசனை. நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் அதுவே அறிகுறி. இது எத்தனை வீடுகளில் தெரியும்?

தாதியருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கானோர் வந்தால் யாரிடம் இருந்து பேசுவது? பேச நேரம் கிடைத்தாலும் மொழி தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நம் மூத்தவர்கள். அதனால்தான் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன்.

தோழியரே, அடுத்த கிளினிக் நாளில் வீட்டுப் பெரியவரோடு நீங்களும் போங்கள். ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கேட்டதை வீட்டில் திருப்பிச் சொல்லுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகள் தாதியாக விரும்பினால் இரவுக் கடமையை நினைத்து மட்டும் மறுத்துவிடாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. பாதுகாப்பான போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் கேட்டு வாங்குவோம். ஆனால் நம் உம்மாக்களின் மொழியில் பேசும் தாதி வேண்டுமென்று ஆசைப்படும் நாம், நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் அனுப்ப மாட்டோம் என்றால் அவர் எங்கிருந்து வருவார்? மதீனாவில் பள்ளிவாசலருகே கூடாரம் அமைத்துக் காயப்பட்டோரைப் பராமரித்த ருபைதா அல்அஸ்லமிய்யாவைப் பெருமையோடு சொல்லும் சமூகம் நாம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்பே இருக்கிறது.

உம்மும்மா இப்போது ஒவ்வொரு இரவும் இஷாவுக்குப் பின் கண்ணாடியை எடுத்துப் பாதத்தைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுச் சாச்சிக்கும் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாதி சொன்ன வார்த்தைகள் எங்கள் ஒழுங்கை முழுவதும் நடக்கத் தொடங்கிவிட்டன.