ஏட்டுச் சுரைக்காயும் குளிர்ந்த ஏரியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அந்தச் சுரைக்காயை இன்றும் விடாமல் பரிமாறிக்கொண்டிருக்கும் இடங்களில் ஒன்று, குளிர்நாடுகளின் துடுப்புப் படகுப் பயிற்சி வகுப்பு!

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் மே மாதம் கயாக், கனூ எல்லாம் வெளியே வரும் காலம். நீண்ட பனிக்காலம் முடிந்து நல்ல வெயில் அடிக்கும். ஜனங்கள் அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அங்கே அல்கான்குவின் பூங்கா போன்ற இடங்களில் ஏரிகளின் மேல் கிடந்த பனிக்கட்டி உருகுவதே ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான். காற்றுக்குக் கோடை வந்துவிட்டது, தண்ணீருக்கு இன்னும் வரவில்லை. வெயிலைப் பார்த்து உடுத்தியவர் கவிழ்வதோ குளிர்காலத்துக்குள்.

பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாமல் இல்லை. "தண்ணீர் குளிராக இருக்கும், ஜாக்கிரதை" என்று சொல்கிறார்கள். கையேட்டில் ஒரு பக்கமும் இருக்கும். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தும் வித்தையையும் கற்றுத் தருகிறார்கள். எங்கே? பல இடங்களில் வெந்நீர் போல இதமான உள்ளரங்க நீச்சல் குளத்தில்! அங்கே பத்து முறை அழகாக நிமிர்ந்தவர், ஐந்தாறு டிகிரி நீரில் ஒருமுறைகூடக் கால் வைத்திருக்க மாட்டார். அவருடைய முதல் பாடம் விபத்து நடக்கும் நாளில்தான். அது சரியா என்பதே கேள்வி.

குளிர்நீர் என்ன செய்யும்?

குளிர்ந்த நீரில் விழுந்தவர் உறைந்து சாகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. பெரும்பாலானவர்களுக்கு உறைய நேரமே கிடைப்பதில்லை.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று மூன்றே எண்களில் சொல்லிவிட்டார். உறைநிலைக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய நீரில் விழுந்தவருக்கு, மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம்.

முதல் நிமிடம்தான் கொடியது. தோலில் குளிர் பட்டதும் வாய் தானாகத் திறந்து ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறது. மனம் வேண்டாம் என்றாலும் நிற்காது. அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால், உள்ளே போவது காற்றல்ல, தண்ணீர். பிறகு மூச்சு இரைக்கிறது, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவரால் இங்கே சில நொடிகள்கூட அடக்க முடிவதில்லை. கயாக்கை நிமிர்த்தும் வித்தை மூச்சடக்கித் தலைகீழாகச் செய்ய வேண்டிய ஒன்று என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த பத்து நிமிடத்தில் விரல்கள் மரக்கட்டையாகின்றன. விசில் கைக்கு எட்டும், வாய்க்கு வராது. இடுப்புப் பையில் போன் இருக்கும், ஜிப்பைத் திறக்க முடியாது. நன்றாக நீந்துபவருக்கும் கை கால் ஓய்ந்துவிடும். கிணற்றிலும் குளத்திலும் கடலிலும் நீச்சல் பழகி, இன்று டொராண்டோ பக்கம் வாழும் தமிழர்கள் குறிப்பாக அறிய வேண்டியது இது. வெதுவெதுப்பான நீரில் கற்ற நீச்சலை நம்பி அந்த ஏரியில் இறங்கக் கூடாது.

இரண்டு துயரங்கள்

1978 ஜூன் 11. ஒண்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவில் உள்ள டிமிஸ்கமிங் ஏரி. ஒரு பள்ளியைச் சேர்ந்த மாணவர்களும் ஆசிரியர்களுமாக 31 பேர் நான்கு பெரிய கனூக்களில் நெடும்பயணம் புறப்பட்டார்கள். முதல் நாளே ஒன்றைத் தொடர்ந்து மற்றவையும் கவிழ்ந்தன. 12 சிறுவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். ஜூன் மாதம்தான், ஆனால் ஏரி குளிர்ந்தே கிடந்தது.

1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் வளைகுடா. பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் கயாக்கில் சென்றார்கள். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. உதவி வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகிவிட்டது. நான்கு பிள்ளைகள் பலியானார்கள். அந்த மையத்தை நடத்திய நிறுவனமே குற்றவாளி என 1994-ல் தீர்ப்பானது, அதன் நிர்வாக இயக்குநர் சிறை சென்றார். 1995-ல் சிறார்களுக்கான சாகச விளையாட்டு மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டமே வந்தது.

சட்டம் நல்லதுதான். ஆனால் அது மையத்தைக் கட்டுப்படுத்தும், குளிர்நீரைக் கட்டுப்படுத்துமா? கடையில் ஒரு காற்றடைத்த கயாக்கை வாங்கி, காரின் பின்னால் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போகும் பெரியவரை எந்த உரிமமும் காப்பதில்லை. ஒருநாள் வகுப்பில் அவர் கற்றதுதான் அவரோடு வரும். ஆகவே அந்த ஒருநாளில் என்ன கற்றுத் தருகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு தொடக்க வகுப்பிலும் மாணவரை ஒருமுறையாவது குளிர்நீரில் இறக்க வேண்டும். தள்ளிவிடுவது அல்ல, இறக்குவது. உயிர்காப்புச் சட்டை போட்டு, தரை தட்டும் ஆழத்தில், பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்தில், கரையில் உலர்ந்த துணியும் சூடான பானமும் தயாராக. முதலில் ஒரு தெர்மாமீட்டரை நீரில் விட்டு மாணவரையே படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மெல்ல உள்ளே. மூச்சு எப்படி எகிறுகிறது, ஒரு நிமிடம் அசையாமல் மிதந்தால் எப்படி அடங்குகிறது என்பதை அவரே உணரட்டும். வெளியே வந்ததும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லலாம். முடியாமல் விரல்கள் தடுமாறும்போது, நூறு பக்கக் கையேடு சொல்லாததை அவர் கற்றிருப்பார்.

இதில் வேறொரு லாபமும் உண்டு. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டன் குழுவினரின் ஆய்வுகளின்படி, சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கிப் பழகினாலே அந்த முதல் அதிர்ச்சி ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பழக்கத்தின் பலன் பல மாதங்கள் நிற்கிறது. உடம்பும் பாடம் படிக்கும், ஆனால் செய்து பார்த்தால்தான் படிக்கும்.

"புதிதாக வருபவர்கள் பயந்து ஓடிவிடுவார்களே" என்று பயிற்சிப் பள்ளிகள் சொல்லலாம். ஒருசிலர் ஓடலாம். கரையில் ஓடுவது நடு ஏரியில் பயப்படுவதைவிட மேல். அந்தப் பயம் ஒரு துளியாவது இல்லாதவர்தான் லைஃப் ஜாக்கெட்டைப் படகில் தலையணையாக வைத்துக்கொள்கிறார். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டு கணக்கில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில், விவரம் தெரிந்த அளவில், 87 சதவீதம் பேர் அதை அணிந்திருக்கவில்லை.

"பயிற்சியிலேயே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?" இது நியாயமான கேள்வி. குளிர் அதிர்ச்சி இதயத்தைச் சோதிக்கும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களை மருத்துவர் சம்மதம் இல்லாமல் இறக்கவே கூடாது. யாரையும் தலைகுப்புறக் குதிக்க விடவும் கூடாது. ஆனால் இது கவனமாகச் செய்வதற்கான காரணமே தவிர, செய்யாமல் விடுவதற்கான காரணமல்ல. ஏரி யாரிடமும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லையே!

மூன்றாவது, செலவு. உடலை நனையாமல் காக்கும் டிரை சூட் ஒன்றின் விலைக்கு ஒரு கயாக்கே வாங்கிவிடலாம். எல்லோராலும் முடியாது, உண்மைதான். அமெரிக்காவின் குளிர்நீர்ப் பாதுகாப்பு தேசிய மையம் 'தண்ணீரின் வெப்பத்துக்கு ஏற்ப உடுத்துங்கள்' என்கிறது. உடுத்த வசதி இல்லையென்றால், தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை காத்திருப்பதற்குக் காசு தேவையில்லை. ஆனால் காத்திருக்கும் பொறுமை எப்போது வரும்? அந்த நீர் எப்படிப்பட்டது என்று தோலுக்குத் தெரிந்த பிறகுதான்.

குழந்தைக்கு நெருப்பு சுடும் என்று ஆயிரம் முறை சொன்னாலும் புரியாது. அதற்காக யாரும் கையை நெருப்பில் வைப்பதில்லை; சூடான டம்ளரை லேசாகத் தொட்டுக் காட்டுகிறார்கள். அதன்பின் அது தானே ஒதுங்கிப் போகிறது. துடுப்புப் பிடிக்க வருகிறவர்களுக்கும் அந்த ஒரு தொடுதல் வேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அதற்கு ஒதுக்க மனமில்லாத பள்ளி, படகு ஓட்டக் கற்றுத் தருகிறது, உயிரோடு திரும்பக் கற்றுத் தரவில்லை.