நோயுற்ற பிள்ளையும் பற்களும்



ஜவ்வாது மலையடிவாரத்து வாணியம்பாடி, ஆம்பூர் மக்களும் மலைமீதுள்ள ஜமுனாமரத்தூர் மக்களும் கடும் நோய் என்றால் வேலூருக்கோ சென்னைக்கோ செல்கின்றனர். பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று கேட்டுக் கலங்கி நிற்கும் தாய்க்குப் பல்லைப் பற்றிய நினைவு எங்கே வரும்? ஆயினும் வந்தே ஆகவேண்டும்.

புற்றுநோய் மருந்துகள் இரத்த வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். அதுவரை வலியின்றிக் கிடந்த சொத்தைப் பல், கிருமிகள் இரத்தத்தில் புகும் வாயிலாகிவிடுகிறது. ஆகவே சிகிச்சை தொடங்குமுன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல்லாயின், புண் ஆற ஏறத்தாழ பத்து நாட்கள் வேண்டும். நோய் அத்தனை அவகாசம் தருமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரே சொல்வார்.

மிஸ்வாக் செய்தல் பெருமானார் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய வழக்கம். எனினும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த நாட்களில் கடினமான குச்சி ஈறைக் கீறிவிடும். அந்நாட்களில் மிக மென்மையான பிரஷ்ஷே ஏற்றது. வாய் புண்ணாயிற்றே என்று பல் துலக்குவதையே நிறுத்திவிடுவதுதான் பெரும் தவறு. கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து கொடுங்கள். மலைத்தேனை மருத்துவரைக் கேளாமல் புண்ணில் தடவாதீர்கள். ஆடும் பால்பல்லை நூல் கட்டி இழுக்கும் பாட்டிமாரையும் சற்றே தடுத்து வையுங்கள்!

வின்கிறிஸ்டின் என்னும் மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடி எத்தனை பிள்ளைகளின் உயிரைக் காக்கிறது, பாருங்கள்! (அதன் இலையை வீட்டில் அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.) இம்மருந்து சில பிள்ளைகளுக்குப் பல்வலி போன்றே தாடை வலியைத் தரும், மருந்து நின்றபின் வலியும் தணியும். இதையறியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது. எனவே எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும் சிகிச்சைச் சீட்டைக் காட்டுங்கள்.

மிகச் சிறு வயதில் சிகிச்சை பெற்றோருக்குப் பின்னாளில் சில பற்கள் முளையாமலோ, வேர் குட்டையாகவோ அமையலாம். நோய் குணமான பிறகும் ஆறு மாதத்திற்கொரு முறை பல்லைக் காட்டி வாருங்கள்.

சிகிச்சை நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது வாய்ப்புண்ணால் வந்ததுதானே என்று இருந்துவிடாதீர்கள். மலைமேல் இருப்போர் காலைப் பேருந்துக்குக் காத்திராமல், இரவே 108-ஐ அழைத்து இறங்கிவிட வேண்டும்.