சிவாலய ஓட்டம்: 100 கி.மீ. தாண்டி ஓடும் உடம்புக்கு சக்தி எங்கிருந்து வருது? திற்பரப்பு பாதையில் ஒரு அறிவியல் விளக்கம்

மகா சிவராத்திரி வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்து ரோடுகளில் காவி உடுத்திய கூட்டம் ஓடத் தொடங்கிவிடும். கையில் பனையோலை விசிறி, வாயில் ‘கோவிந்தா... கோபாலா...’ கோஷம். இதுதான் சிவாலய ஓட்டம். 12 சிவன் கோயில்கள், மொத்த தூரம் 100 கிலோமீட்டருக்கும் மேல்.

ஒரு முழு மாரத்தானே 42.195 கி.மீ. தான். அப்படிப் பார்த்தால் இது இரண்டு மாரத்தானைவிட அதிகம். ஆனால், ஓடுபவர்களில் பெரும்பாலானோர் பயிற்சி பெற்ற தடகள வீரர்கள் கிடையாது. ரப்பர் பால் வெட்டுபவர், கொத்தனார், கடை வைத்திருப்பவர், காலேஜ் பசங்க எனச் சாதாரண மக்கள்தான்.

அவங்க உடம்பு இதை எப்படித் தாங்குது? எந்த இடத்தில் தாங்காமல் போகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஓட்டத்தில் திற்பரப்பு எங்கே வருது?

முஞ்சிறை திருமலையில் ஓட்டம் தொடங்கும். அடுத்தது திக்குறிச்சி. மூன்றாவது கோயில், கோதையாற்று அருவியை ஒட்டி இருக்கும் திற்பரப்பு மகாதேவர் கோயில். பிறகு திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. கடைசியாக திருநட்டாலம்.

சிவ பக்தரான புருஷாமிருகத்திடம் பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிவிட்டுத் துரத்தலுக்குத் தப்பி ஓடினான் என்பது இந்த ஓட்டத்தின் புராணக் கதை. அதனால்தான் சிவன் கோயிலுக்குப் போகும்போதும் பெருமாள் பெயர் ஒலிக்கிறது.

உடம்பின் பெட்ரோல் எது?

தசை சுருங்க வேண்டும் என்றால் அதற்குத் தேவை ஏடிபி என்ற ஒரே பொருள்தான். சோறோ பழமோ, எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் ஏடிபி-யாக மாறினால்தான் கால் நகரும். பிரச்னை என்னவென்றால், தசையில் இருப்பு இருக்கும் ஏடிபி சில விநாடிகளுக்குத்தான் வரும். அதனால் உடம்பு அதைத் தொடர்ந்து தயாரித்துக்கொண்டே இருக்கணும். அதற்கு 3 வழிகள் இருக்கு.

1. கிரியேட்டின் பாஸ்பேட்: உடனடி சக்தி. சுமார் 10 விநாடி வரை தாக்குப்பிடிக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது முதலில் கைகொடுப்பது இதுதான்.

2. ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பது: வேகமானது. ஆனால் ஒரு குளுக்கோஸிலிருந்து 2 ஏடிபி மட்டுமே மிஞ்சும். முழு வேகத்தில் ஓடினால் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு இதுதான் முக்கிய ஆதாரம்.

3. ஆக்ஸிஜனோடு எரிப்பது: மெதுவானது, ஆனால் லாபமானது. அதே ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். கொழுப்பையும் எரிக்க முடியும். மணிக்கணக்கில் ஓட வைப்பது இதுதான்.

மூன்றும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்யும். எதன் பங்கு அதிகம் என்பதை முடிவு செய்வது வேகம்தான்.

இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்?

மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் உழைப்பின்போது கூடுவதை 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து காட்டியவர் பிரான்ஸின் லவாய்சியர். தசையின் வெப்பம், லாக்டிக் அமிலம் பற்றிய ஆய்வுகளுக்காக பிரிட்டனின் ஏ.வி.ஹில், ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹாஃப் இருவரும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தசையை இயக்குவதே லாக்டிக் அமிலம்தான் என்று அப்போது நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927-ல் கிரியேட்டின் பாஸ்பேட்டை அடையாளம் கண்டார். 1929-ல் இவர்கள் ஏடிபி-யையும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

‘கோவிந்தா’ கோஷத்துக்குள் இருக்கும் அளவுகோல்

வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கி பேச்சு தடைபடும். முழு வாக்கியம் பேச முடிந்தால் உடம்பு மூன்றாவது வழியில் நிதானமாக ஓடுகிறது என்று அர்த்தம். பேச முடியாவிட்டால் இரண்டாவது வழியின் பங்கு கூடிவிட்டது, இந்த வேகத்தில் ரொம்ப நேரம் தாங்காது. உடற்பயிற்சி நிபுணர்கள் இதை ‘பேச்சு சோதனை’ என்கிறார்கள்.

அப்படியென்றால், சத்தமாக ‘கோவிந்தா’ சொல்லிக்கொண்டே ஓடுபவர் தன் வேகத்தையும் அளந்துகொண்டேதான் ஓடுகிறார். கோஷம் சொல்ல மூச்சு வரவில்லையா? உடனே நடைக்கு மாறிவிடணும்.

பாதி வழியில் கால் ஏன் மக்கர் பண்ணுது?

ஒரு கிலோ எடை, ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 1 கலோரி செலவாகும். 60 கிலோ எடை உள்ளவர் 100 கி.மீ. ஓடினால் சுமார் 6,000 கலோரி. நடந்தால் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனால் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, தோராயமாக 2,000 கலோரிதான் தரும். கொழுப்பு நிறையவே இருக்கு. ஒரு கிலோவில் 7,000 கலோரிக்கு மேல். ஆனால் அது மெதுவாகத்தான் எரியும்.

ஆரம்பத்திலேயே வேகமாக ஓடினால் சர்க்கரை சீக்கிரம் தீரும். விரதத்தில் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு இருப்பே குறைவாக இருக்கலாம். தலைசுற்றல், நடுக்கம், கால் நகராத நிலை எல்லாம் அப்போது வரும்.

1924-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தை டாக்டர்கள் சோதித்தபோது, துவண்டுபோனவர்களிடம் சர்க்கரை அளவு மிகவும் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. இங்கே வழிநெடுக ஊர்க்காரர்கள் கொடுக்கும் பானகமும் கஞ்சியும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

மறுநாள் வலிக்கு லாக்டிக் ஆசிட் காரணமா?

இல்லை. ஓட்டம் நின்று ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அது பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். அது கழிவும் அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன என்று 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் விளக்கினார். ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்குப் போகும் வலி, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய காயங்களால் வருவது. குறிப்பாக, இறக்கத்தில் இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டபடியே பாரம் தாங்குவதால் அந்தக் காயம் அதிகமாகும். ஏற்ற இறக்கமான குமரி மாவட்டப் பாதையில் இது சகஜம்.

உண்மையான ஆபத்து எது?

முதலாவது வெப்பம். தசை செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். குமரியின் ஈரக்காற்றில் அது சுலபத்தில் காயாது. ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்கு அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி வீச வேண்டும். சாமிக்கு வீசக் கொண்டுபோகும் விசிறி, அந்த நேரத்தில் உயிரையும் காப்பாற்றும்.

இரண்டாவது, பலரும் யோசிக்காதது: அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது. ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது.

ஓடப் போறவங்க கவனத்துக்கு...

• சில வாரங்களுக்கு முன்பிருந்தே தினமும் நடந்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க.

• முதல் 3 கோயில்களை, அதாவது திற்பரப்பு வரையாவது, வேண்டுமென்றே மெதுவாகக் கடங்க. ஏற்றத்தில் நடந்தாலே போதும்.

• பசிக்கும் வரை காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பானகம், பழம், உப்புக் கஞ்சி எடுத்துக்கோங்க.

• தாகத்துக்கு ஏற்பக் குடிங்க. வெறும் தண்ணீரோடு உப்பு மோர், ஓ.ஆர்.எஸ். கரைசலும் சேரட்டும்.

• சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் விரதத்துக்கும் ஓட்டத்துக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்க.

• வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீங்க. உடலில் நீர் குறைந்த நேரத்தில் அது கிட்னியைப் பாதிக்கலாம்.

• நெஞ்சு வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்க. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பைக், கார், வேனில் 12 கோயில்களையும் சுற்றி வருபவர்களும் ஏராளம். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மீதிக் கோயில்களை வண்டியில் முடிப்பதில் குறையொன்றும் இல்லை.