புயத்தில் ஒட்டும் சீனி உணரி



பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது அண்மைக் காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், சிலபேர் புயத்திலே வட்டமாக ஒரு வில்லையை ஒட்டியிருக்கினமே, அது என்ன? எனக்கும் போடச் சொல்லுகினம். போடலாமோ?" இந்தக் கேள்விக்கு வரிசையில் நின்றபடி முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். நானும் நீரிழிவுக்காரன், அந்த வில்லையை நானும் அணிந்திருக்கிறேன் என்பதால், புத்தக அறிவோடு அனுபவத்தையும் சேர்த்தே சொல்ல முடியும்.

நாம் வாழும் ரொறன்ரோ நகருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பலர் அறிந்ததே. 1921ஆம் ஆண்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பன்ரிங், பெஸ்ற் ஆகிய இருவரும் பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் தொடங்கிய வேலையே இன்சுலினைத் தந்தது. 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பலன் தரவில்லை. கொலிப் என்ற இரசாயன அறிஞர் சுத்தம் செய்து கொடுத்த மருந்தை ஜனவரி 23ஆம் திகதி போட்டபோதுதான் சீனி இறங்கியது. அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்தது பட்டினி போடுவது ஒன்றுதான்.

மருந்து கிடைத்துவிட்டது; ஆனால் உடம்புக்குள் சீனி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கண் நெடுங்காலம் கிடைக்கவில்லை. சலத்தில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டே நம் முன்னோர் இந்த நோயை அறிந்தார்கள். பிறகு சலத்தை நீல நிற பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கி, பச்சையா, மஞ்சளா, செங்கல் நிறமா என்று பார்த்த காலம். வயதானவர்கள் பலர் ஊர் ஆஸ்பத்திரிகளில் அதைக் கண்டிருப்பீர்கள். அதன்பின் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தில் பார்க்கும் சிறு கருவிகள் வீடுகளுக்கு வந்தன. விரல் குத்துவது ஒரு புகைப்படம் போன்றது. அந்த ஒரு கணத்தை மட்டும் காட்டும். சீனி ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா, நித்திரையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அந்தக் குறையைத்தான் இந்த உணரி தீர்க்கிறது.

உணரியின் அடியில் மயிர் போன்ற மெல்லிய இழை ஒன்று உண்டு. அது தோலுக்குக் கீழே சுமார் 5 மில்லிமீற்றர் ஆழத்தில் நின்று, உயிரணுக்களுக்கு இடையில் உள்ள நீரில் சீனியை அளக்கிறது. இரத்தத்தை நேரே அளப்பதில்லை. இரத்தத்தில் நடக்கும் மாற்றம் அந்த நீருக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் பிந்தும். ஆகவே சாப்பிட்டபின்னும் நடந்தபின்னும் விரலில் ஓர் இலக்கமும் புயத்தில் வேறோர் இலக்கமும் காட்டினால் கருவி பழுது என்று எண்ணவேண்டாம். ஃப்ரீஸ்ரைல் லிப்ரே 2 என்ற உணரி 14 நாள் வேலை செய்யும். குத்துவது எறும்பு கடித்த அளவுகூட நோகாது. அளவைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். விரும்பினால் பிள்ளைகளும் தங்கள் தொலைபேசியில் பார்க்கலாம்.

முதல் இரண்டு கிழமைகளில் பெரும்பாலானோருக்கு வருவது பயம். விரல் குத்தும்போது நாளுக்கு இரண்டு இலக்கம் பார்த்தவர்கள், இப்போது நாள் முழுவதும் மலையும் பள்ளமுமாக ஒரு கோட்டைப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் 11ஐக் கண்டவுடன் நெஞ்சு படபடக்கிறது. சீனி ஏறி இறங்குவது இயற்கை. பொதுவாக நாளின் 70 சதவீத நேரமாவது 3.9க்கும் 10க்கும் இடையில் நின்றால் போதும் என்பதே வைத்தியர்கள் கொள்ளும் குறி. தளர்ந்த முதியவர்களுக்கு நாளில் பாதி நேரமே போதும். அவர்களுக்கு முக்கியம் கீழே விழாதிருப்பது. இந்த இலக்கம் பரீட்சைப் புள்ளி அல்ல. இலக்கத்தைவிட அதன் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். 6 என்று காட்டி அம்பு நேரே இருந்தால் நிம்மதி. அதே 6 அம்பு கீழ்நோக்கி இருந்தால் கவனம் தேவை.

பயம் தெளிந்தபின் இது நல்ல ஆசிரியர். குரக்கன் என்றால் சீனி ஏறாது என்பது நம்மவரிடையே உள்ள நம்பிக்கை. குரக்கன் கூழ் குடித்த அன்று எனக்கு அளவு 13ஐத் தாண்டியது. மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அது வேகமாகச் சமிக்கும். எந்தத் தானியம் என்பதோடு எப்படிச் சமைத்தோம் என்பதும் முக்கியம். வழக்கமாகச் சாப்பிடும் புட்டைப் பாதியாகக் குறைத்து, கடலைக் கறியும் கீரையும் கூட்டி, பின் 20 நிமிடம் நடந்தபோது 9ஐத் தாண்டவில்லை. உங்கள் உடம்பு வேறு விதமாகச் சொல்லலாம். அதை நீங்களே பார்த்து அறியலாம் என்பதே இதன் பெருமை.

சில நுணுக்கங்களையும் சொல்லவேண்டும். உணரி உள்ள பக்கம் அழுத்திப் படுத்தால் சீனி பொய்யாகக் குறைந்து காட்டும். விற்றமின் சி நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் லிப்ரே 2 பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். தடிமனுக்கு அந்த மாத்திரையை அள்ளிப் போடுவோர் கவனிக்கவும். எண்ணெய் முழுக்கு வைப்பவர்கள் உணரி மாற்றும் நாளில் முழுகி, சவர்க்காரத்தால் எண்ணெய் போகக் கழுவி, உலர்ந்தபின் ஒட்டுங்கள். குளிர்காலக் கோட்டை இழுத்துக் கழற்றும்போது உணரியும் கூடவே வந்துவிடும். அந்தக் கையை மெதுவாக எடுங்கள். உடம்பு சொல்வதும் உணரி சொல்வதும் ஒத்துவராவிட்டால் விரலைக் குத்திப் பாருங்கள். பழைய கருவியை எறிந்துவிடவேண்டாம். இன்சுலின் போட்டு ஒரு மணித்தியாலத்தில் இலக்கம் இறங்கவில்லை என்று மறுபடி போடவும் வேண்டாம். போட்ட மருந்து வேலையை முடிக்க நாலைந்து மணித்தியாலம் வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். இரவில் இன்சுலின் போடும் ஒரு முதிய அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தார். உணவைக் குறைத்தார், ஊசியை வழக்கம்போலவே போட்டார். மூன்றாம் நாள் விடியற்காலை உணரி ஒலி எழுப்பியது. பக்கத்து அறையில் இருந்த மருமகள் எழுந்து ஓடிப் பார்த்தபோது அளவு 2.9; மாமிக்கு வியர்வை, பேச்சும் தடுமாற்றம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித் தண்ணீர் பருக்கினார். இருபது நிமிடத்தில் மாமி தெளிந்தார். ஒலி இல்லாவிட்டால் அந்த வீட்டார் விடிந்தபின்தான் கண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து பலர் "இரவிலே கத்துகிறது, நித்திரை கெடுகிறது" என்று அந்த ஒலியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அளவு 4க்குக் கீழே இறங்கினால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, 150 மில்லிலீற்றர் பழச்சாறோ குடித்து, 15 நிமிடம் பொறுத்து விரலில் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி அதையே செய்யுங்கள். லட்டும் சொக்கலேற்றும் இதற்கு உதவா. நெய்யும் கொழுப்பும் சீனியைத் தாமதப்படுத்தும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள்.

விரதம் பிடிக்க விரும்புபவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே தங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்சுலினையும் கிளிக்கிளசைட், கிளைபுரைட் போன்ற குளிசைகளையும் குறைக்க வேண்டிவரும். எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் உண்ணாதும் நீர் அருந்தாதும் இருந்தால் இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அப்போது சீனி அதிகம் ஏறாமலும் இருக்கலாம் என்பதால் உணரி அதைக் காட்டிக் கொடுக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்ராறியோ அரசின் மருந்துத் திட்டத்தில் உள்ள, இன்சுலின் பாவிப்பவர்களுக்கு 2019 செப்டெம்பர் முதல் லிப்ரே உணரி சேர்க்கப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்கள் இத்திட்டத்தில் அடங்குவர். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு 2022 முதல் வேறொரு திட்டமும் சில நிபந்தனைகளுடன் உதவுகிறது. உங்கள் மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள். ஊரில் உள்ள உறவினருடன் பேசும்போது அங்குள்ள அளவு வேறு என்பதை மறவாதீர்கள்: இங்கே காட்டும் இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள இலக்கம் வரும். இங்கே 10 என்பது அங்கே 180.

கடைசியாக ஒன்று. ஆலயத்தில் மேற்சட்டை கழற்றும் ஆண்கள் சிலர் இந்த வில்லையைச் சால்வையால் மூடுகிறார்கள். சிலர் மகளுக்குக் கலியாணம் பேசும் நேரம் என்று உணரியே போடாமல் விடுகிறார்கள். நீரிழிவு வெட்கப்படவேண்டிய குற்றமல்ல. நம் வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த நோய் உண்டு. நோயை மூடிவைப்பவருக்கு மயக்கம் வந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகும். சால்வையை விலக்குங்கள், உங்களுக்கு என்ன வருத்தம் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியட்டும்.

அடுத்த இதழில் குளிர்காலத்தில் நீரிழிவுக்காரர் பாதங்களைப் பேணும் முறையைப் பார்ப்போம். எல்லோரும் நலமாயிருக்க இறைவன் அருள்புரிவானாக.