படிப்பின் மேல் பழி

“பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், பாக்டரிக்கு ஆள் இல்லாமல் போயிற்று” என்று கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைப் பாக்டரி நடத்துகிறவர்கள் சிலர் அங்கலாய்க்கிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் தலையாட்டத் தயாராக இல்லை.

படித்தவர்கள் வேலையின்றித் திண்டாடுவது மெய்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பங்கேற்று 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022இல் வேலைக்கென்று வந்த பட்டதாரி இளைஞர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிலோ ஏறக்குறைய 3 பேருக்குத்தான் இல்லை. இதைக் காட்டிப் படிப்பே பாழ் என்று தீர்ப்புச் சொல்லலாமா? எழுத்தறியாதவன் கிடைத்த கூலிக்குப் போகிறான். சும்மா இருக்க அவனுக்கு வக்கில்லை. அவனுடைய வறுமையைப் படிப்புக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

பாக்டரிக்குள் என்ன நடக்கிறது? பசுந்தேயிலையை வாட்டுகிறார்கள், சி.டி.சி. எந்திரத்தில் நசுக்கி அறுக்கிறார்கள். புளிக்க வைத்து, உலர்த்தி, சலிக்கிறார்கள். புளித்தது போதும் என்று சொல்லப் பழகிய மூக்கு வேண்டும். உலர்த்தியின் சூடு ஏன் தவறியது என்று கண்டுபிடிக்கப் படித்த மூளை வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நல்ல தூள். குன்னூர் ஏலத்தில் அதற்கேற்ற விலை. ஆனால் இந்த மூக்குக்கும் மூளைக்கும் தனிக் கூலி கொடுக்கும் முதலாளிகள் எத்தனை பேர்?

“விலை கட்டவில்லையே, ஐயா!” என்பார்கள். மட்டத் தூளுக்கு மட்ட விலை. மட்ட விலைக்கு மட்டக் கூலி. மட்டக் கூலிக்குக் கற்றவன் வரமாட்டான். அவன் வராததால் மறுபடியும் மட்டத் தூள். இந்தச் சக்கரத்தை நிறுத்த வேண்டியவன் கூலிக்காரனா? முதல் போட்டவரல்லவா?

இதே மலையில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்றால் படித்த பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு மனுப் போடுகிறார்கள். அதுவும் ஆலைதான், அங்கும் கையில் அழுக்குப் படும். ஆனால் அங்கே தொழிலுக்குத் தரம் உண்டு, தரத்துக்குச் சம்பளம் உண்டு. படித்தவன் அழுக்குக்கு அஞ்சவில்லை. கற்றதற்கு மதிப்பில்லாத இடத்துக்குத்தான் வர மறுக்கிறான்.

ஆகவே, ஆளைத் தேடுமுன் கூலியைத் திருத்துங்கள். அனுபவத்துக்கு ஒரு படி, படிப்புக்கு ஒரு படி என்று வகுத்து வாசலில் எழுதி மாட்டுங்கள். அதன் பிறகும் ஒருவனும் வரவில்லையென்றால், அப்போது படிப்பைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.